வெறுந்தட்டு

எட்டு மணி நேரமாக அவள் உட்காரவில்லை. காலையில் பேருந்தில் உட்கார்ந்ததுதான் கடைசி. பரிமாறுகிறவர்கள் ஹோட்டல் கூடத்தில் உட்காரக் கூடாது என்பது மேனேஜர் வந்த முதல் வாரமே போட்ட சட்டம். சுவரில் சாய்ந்தாலே தொண்டையைச் செருமுவான். இடுப்பு கழன்று விழுவதுபோல இருந்தது.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல். சமையல்காரர் அதில் தட்டை வைத்து மணியைத் தட்டுவார். மற்றவர்கள் துணியை மடித்துப் பிடித்துத் தூக்குவார்கள். அவள் வெறுங்கையால் எடுத்துக்கொண்டு நடப்பாள்.

"ஏ தீக்கோழி, அடுப்பையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடாத. அப்புறம் நான் உன் தலையிலதான் சமைக்கணும்" என்பார் சமையல்காரர்.

அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. தட்டை வைக்கும் முன் ஆவி பறக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். பறந்தால், "சூடு, பார்த்து" என்பாள்.

மகளுக்கு இது ஒன்பதாவது மாதம். மருமகன் வேலை தேடிக்கொண்டிருந்தான். மூன்று வயிறும் இவள் சம்பளத்தில்தான் நிறைந்தன. "குழந்தையை நீதாம்மா குளிப்பாட்டணும், எனக்குத் தொடவே பயமா இருக்கு" என்று நேற்று ராத்திரியும் மகள் சொன்னாள். அவள் "ம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கண்ணாடி ஓரத்து மேசையில் ஒரு தாயும் மகனும். தாய் சூப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள். முதல் முறை ஆறிப்போனது, அடுத்த முறை உப்பு. மேனேஜர் பரிமாறிக்கொண்டிருந்தவளின் காதருகே வந்தான். வயதில் சின்னவன். மரியாதையாகத்தான் பேசுவான்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா நாளைக்கு வர வேண்டாங்கக்கா."

அதே மேசையிலிருந்து மறுபடி கை உயர்ந்தது. பையனுக்குப் பிரித்து வைக்க ஒரு வெறுந்தட்டு வேண்டுமாம்.

உணவு ஆறாமலிருக்கத் தட்டுகளை அடுப்பின் மேல்தட்டில் அடுக்கிச் சூடேற்றி வைப்பது அங்கே வழக்கம். சூடேற்றாத வெறுந்தட்டு என்றால் பின்னால் இருக்கும் அலமாரிக்குப் போக வேண்டும். அவளுக்கு அந்தப் பத்தடி நடக்கவும் பயமாக இருந்தது. அந்தத் தாயின் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவசரத்தில் ஜன்னல் வழியே அடுப்பின்மேலிருந்து கைக்கு எட்டிய தட்டை எடுத்தாள். வெறுந்தட்டிலிருந்து ஆவி பறக்காது. ஒன்றும் சொல்லாமல் பையன் முன்னால் வைத்தாள்.

பையன் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தான்.

அலறல் கேட்டுச் சமையல்காரர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஓடிவந்தார். பையனின் கைகளை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குள் அவை சிவந்து தெரிந்தன.

"வேணும்னே பண்ணீங்களா?" தாய் எழுந்து நின்றாள். "என் மேல இருக்கிற கோபத்தைக் குழந்தைகிட்டயா காட்டுவீங்க?"

"துணி வச்சுப் பிடிச்சிருப்பாங்க மேடம், சூடு தெரிஞ்சிருக்காது" என்றான் மேனேஜர். "சொல்லுங்கக்கா."

ஆமாம் என்றால் போதும். அவன் நீட்டிய பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"எந்தத் துணி? வெறுங்கையிலதான் கொண்டுவந்தாங்க, நான் பார்த்தேன்" என்றாள் தாய். "ஏம்மா, உங்க கை சுட்டிருக்கும்ல? தெரிஞ்சுதானே வச்சீங்க?"

சமையல்காரர் நிமிர்ந்தார். இத்தனை நாள் தான் கேலி செய்த அந்தக் கைகளை இப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். விரல்களில் பழைய கொப்புளங்களின் தழும்புகள்.

தட்டு இன்னும் மேசையில்தான் இருந்தது. அவள் குனிந்து, பையன் வைத்த அதே இடத்தில் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

"ஏய், எடு கையை!" என்றார் சமையல்காரர்.

அவள் எடுக்கவில்லை.

"சுடலைங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஆறு மாசமா இந்தக் கையில எதுவும் தெரியல. வெந்நீரா, பச்சைத் தண்ணியான்னுகூடத் தெரியாது."