ஓசூருக்குப் போன கல்கல் டின்

டிசம்பர் பிறந்துவிட்டால் லூர்தம்மாள் வீட்டில் புதுச் சீப்பு வாங்குவார்கள். தலைவாருவதற்கு அல்ல, கல்கல் சுருட்டுவதற்கு. மைதாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சங்கு மாதிரி வரும். எண்ணெயில் பொரித்து எடுத்தால் வாயில் போட்டதும் நொறுங்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சுங்குவார்சத்திரத்தில் அவள் தெருவில் என்ன வாசனை என்று யாரைக் கேட்டாலும், "லூர்தம்மா வூட்ல எண்ணெய் காயுது" என்று மூக்கைக் காட்டியே சொல்வார்கள்.

அந்த வருஷம், அதாவது தொண்ணூற்றொன்றில், லூர்தம்மாள் இரண்டு மடங்கு மாவு பிசைந்தாள். மகள் ஷெர்லினுக்குக் கல்யாணம் ஆகி வரும் முதல் கிறிஸ்துமஸ். மகள் இருப்பது ஓசூரில். மருமகன் பகலவன் அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். பகலவனின் அம்மா சரோஜா சர்ச் வாசலையே மிதித்ததில்லை. கல்யாணத்தன்று ரிஜிஸ்தர் ஆபீஸில் சம்பந்தியைப் பார்த்து, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னவள், "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாத வீட்டுக்கு லூர்தம்மாளும் போகவில்லை. இப்போது ஷெர்லினுக்கு ஏழாம் மாதம். பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் மகளும் வரமுடியாது.

"நாம போவக்கூடாது, சரி. கல்கல் போலாமில்ல?" என்றாள் லூர்தம்மாள்.

அவள் புருஷன் மாரி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். எதற்கும் லேசில் சம்மதிக்கிற ஆள் இல்லை. "எப்டி போவும்? அதுக்குக் காலு கீதா?" என்றான்.

"நடேசன் கடைக்கு வர்ற லாரி ஓசூருக்குத்தான போவுது."

பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் பாதிக்குக் கல்கல், மேலே அச்சு முறுக்கு என்று அடுக்கினாள். மூடியைச் சுற்றி வெள்ளைத் துணி போட்டு, வெள்ளை நூலால் நெருக்கித் தைத்தாள். தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்து நடேசன் டீக்கடைக்குப் போனாள். லாரிக்காரர்கள் வந்து பேசுவதற்காகவே நடேசன் கடையில் டெலிபோன் வைத்திருந்தான். அவன் கைகாட்டிய டிரைவர் சுப்பிரமணி, கண்ணாடிச் சரக்கு ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஓசூர் போகிறவன். சொந்த ஊர் ஓசூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் சூளகிரி.

"இது எம்பொண்ணுக்கு. உள்ள உடையற சாமான். உன் கண்ணாடியாட்டம் பாத்துக்கோ," என்றாள் லூர்தம்மாள்.

"உங்க பொண்ணு கையில குடுத்துட்டுத்தாங்க மறுவேலை," என்று சொல்லிச் சுப்பிரமணி டின்னைத் தன் இருக்கைக்குப் பின்னால் போர்வையில் சுற்றி வைத்தான்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஓசூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேன்டீனில் சோறு வடிக்கும்போதும் லூர்தம்மாளுக்கு டின் ஞாபகம்தான். அவள் வேலை பார்த்தது தோல் ஷூ தைக்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில். ஷிப்டு முடிந்ததும் நேரே டீக்கடைக்குப் போய், "லாரி வந்துச்சா?" என்பாள். நடேசன் உதட்டைப் பிதுக்குவான். மாரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஊர் பேர் தெரியாதவன்கிட்ட குடுத்தா அவன் பொண்டாட்டி புள்ளைங்கதான் துன்னும்," என்றான். லூர்தம்மாள் அன்றைக்கு அவனுக்குக் காபி போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில் நடேசன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தான். "யக்கா, சீக்கிரம் வா. உம்பொண்ணு போன்ல கீது!"

லூர்தம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ரிசீவரைக் காதில் வைத்ததும் ஷெர்லினின் குரல் தழைந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல் வந்தது.

"யம்மா, உன் கைக்கு இன்னா ஆச்சு?"

"என் கைக்கு இன்னாடி? நல்லாத்தான் கீது. டின் வந்துச்சா?"

"நேத்து வந்துச்சு. உண்மைய சொல்லு. உனக்கு உடம்பு சரியில்லதான? வேற யாரையோ வுட்டுதான செஞ்ச? கல்கல்ல வரி வரியா இல்ல, கட்டம் கட்டமா கீது. எள்ளு போட்டுக்கீது. சுக்கு வாசன வருது. முட்டையே போடல. அச்சு முறுக்கு ஒண்ணுகூட இல்ல. துணிய நீ வெள்ள நூல்லதான தைப்ப? இது நீல நூலு. எங்கிட்ட மறைக்காத. நைட்டு பூரா எனக்குத் தூக்கமே இல்ல."

லூர்தம்மாளுக்குத் தலை சுற்றியது. எள்ளா? சுக்கா? அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம், "யம்மா, அத்தையும் கூட வந்துகீறாங்க, பேசணுமாம்" என்ற சத்தம். ரிசீவர் கைமாறிவிட்டது.

"சம்பந்தியம்மா! நான் சரோஜா பேசறேன்."

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலை லூர்தம்மாள் கேட்டதே இல்லை. சம்பந்தி என்று அவள் வாயால் கூப்பிட்டதும் இதுதான் முதல் தரம். லூர்தம்மாள் தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றாள்.

"நீங்க அனுப்பின பலகாரம் பிரமாதம்ங்க. நான் முட்டை சேர்க்கமாட்டேன். கிறிஸ்துமஸ் பலகாரம்னா முட்டை இருக்குமேன்னு தொடப் பயந்தேன். ஷெர்லின் தின்னு பாத்துட்டு முட்டை இல்லைன்னு சொன்னா. என்னை நெனச்சு பாத்துப் பாத்து செஞ்சிருக்கீங்க. எள்ளும் சுக்கும் போட்டு, அடடா! எங்க வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் காலி பண்ணிட்டார். இவ்வளவு நல்ல மனசை இத்தனை நாளா நான் புரிஞ்சுக்கலையே."

அது நான் செய்ததில்லை என்று சொல்ல லூர்தம்மாளுக்கு வாய் வந்தது. சொன்னால் இந்தக் குரல் மறுபடியும் பழைய குரலாகிவிடுமே என்று பயம் வந்தது. "அது... ஆமா... நல்லதுங்க" என்று மென்று விழுங்கி ரிசீவரை வைத்தாள்.

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு யோசனை. லாரியில் டின் மாறிப்போயிருக்கும் என்றான் ஒருவன். நீயே மறந்தாப்பல எள்ளு போட்டிருப்பாய் என்றான் இன்னொருவன். அவனுக்கு லூர்தம்மாளிடமிருந்து வாங்கிக்கட்டிக்கொள்ளும்படி ஆயிற்று.

மாரி மட்டும் வெற்றிச் சிரிப்புச் சிரித்தான். "நான் சொல்லல? டிரைவர் துன்னுட்டான்."

"துன்னவன் எதுக்குய்யா திருப்பிச் செஞ்சு குடுத்தான்?" என்று லூர்தம்மாள் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்பந்தி புகழ்ந்ததை நினைத்தால் சந்தோஷமாக இருந்தது. புகழ்ந்தது வேறொருத்தியின் கையை என்று நினைத்தால் வயிறு எரிந்தது. இருபது வருஷமாக இந்தத் தெருவே கொண்டாடுகிற கல்கல் அவளுடையது. அதைச் சரோஜா கண்ணாலும் பார்க்கவில்லை. முகம் தெரியாத எவளோ ஒருத்தியின் எள்ளும் சுக்கும் பேர் வாங்கிக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் லூர்தம்மாளுக்கு லீவு. தெருவுக்குக் கொடுப்பதற்காகத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. அந்தச் சின்னத் தெருவுக்குள் லாரி நுழைந்ததே பெரிய அதிசயம். எட்டிப் பார்த்தாள். சுப்பிரமணி கேபினில் உட்கார்ந்தபடியே இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். மெலிந்த உடம்பு, தலை நிறையக் கனகாம்பரம், கையில் ஒரு துணிப்பை.

"அக்கா, நான் கனகம். இவரோட சம்சாரம். தனியா வர பயந்துக்கிட்டு என்னையும் இழுத்துக்கிட்டு வந்துட்டாருங்க," என்றாள் அவள்.

"எதுக்கு பயம்? எறங்கி வா சொல்றேன்," என்று லூர்தம்மாள் சுப்பிரமணியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அவன் இறங்கி வந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஆம்பூர் தாண்டி ஒரு தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்ததாம். வண்டிகளெல்லாம் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வரிசையாக நின்றனவாம். அவன் லாரிக்கு முன்னால் நின்றது ஒரு டவுன் பஸ். அதில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய கூட்டம், பாதிக்குமேல் குழந்தைகள். பக்கத்தில் ஒரு கடை கண்ணி கிடையாது. மத்தியானம் ஆனதும் பசியில் அழ ஆரம்பித்தவை நிறுத்தவேயில்லை.

"நானும் எவ்வளவு நேரந்தாங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்? தையலைப் பிரிச்சிட்டேன். ஒரு புள்ளைக்கு குடுத்தா பத்து புள்ளைங்க வந்து நிக்குதுங்க. கடைசியில நானும் நாலு தின்னேன். பொய் சொல்லமாட்டேன். பாலம் திறக்கும்போது டின்ல அடியில கொஞ்சம் கெடந்துச்சு."

"வெறும் டின்னைக் கொண்டாந்து என் முன்னால வச்சிட்டு, தலைல கை வச்சிக்கிட்டு உக்காந்துட்டாருங்க," என்றாள் கனகம். "மாசமா இருக்கற பொண்ணு, அம்மா வீட்டுப் பலகாரம்னு காத்துக்கிட்டிருக்குமே. மிச்சம் இருந்ததைப் பாத்துப் பாத்து செஞ்சேன். அந்த வரி எப்படிப் போடறதுன்னு தெரியல. மூங்கில் தட்டைக் கவுத்துப் போட்டு அதுமேல வச்சு அழுத்தினேன். என்ன போட்டிருக்கீங்கன்னும் புரியல. புள்ளத்தாச்சிக்கு ஆவட்டும்னு சுக்கும் எள்ளும் போட்டேன். அந்த வட்டமா பூவாட்டம் இருக்குமாமே, அது ஒண்ணுகூட மிச்சம் இல்ல. இருந்திருந்தா அதையும் பாத்து செஞ்சிருப்பேன். தப்புன்னா மன்னிச்சிருங்கக்கா."

லூர்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சைக்கிள் கடைக்குக் கிளம்பிய மாரி பாதியில் நின்று, பெண்டாட்டிக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோய்ப் பார்த்தான்.

"யம்மாடி, நீ பண்ண வேலைக்கு எஞ்சம்பந்தி எங்கிட்ட பேசிட்டாம்மா!" என்று கனகத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். போன் வந்த கதையை முழுக்கச் சொன்னாள். கனகம் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. உங்க பேர்லயே இருக்கட்டும்."

"அதெப்டி? உன் கை வேல உன் கை வேலதான். ஆனா என் கையையும் அவங்க பாக்கணுமில்ல?"

மறுபடியும் அடுப்பு பற்றியது. மாவு பிசையும்போது லூர்தம்மாள் முட்டையை எடுத்தாள், கொஞ்சம் யோசித்தாள், திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டாள். முட்டைக்குப் பதில் தேங்காய்ப்பால் கூடப்போட்டு வெண்ணெய் சேர்த்தாள். கல்கல் நொறுங்காமல் கல்லாகிப் போகுமோ என்று அவளுக்குப் பயம். கனகம் கொஞ்சம் எண்ணெயைச் சுட வைத்து மாவில் ஊற்றச் சொன்னாள். சொன்னபடியே வந்தது. கனகத்துக்குச் சீப்பில் சுருட்டக் கற்றுக்கொடுத்தாள். முதல் பத்தும் புழு மாதிரி வந்தன. அதைப் பார்த்து மாரியே சிரித்துவிட்டான். பிறகு கனகத்தின் விரலுக்குப் பழக்கம் வந்துவிட்டது. வெளியே சுப்பிரமணி ஒரு பாயில் படுத்துக் குறட்டை விட்டான்.

டின்னில் நடுவே அட்டை வைத்து, ஒரு பக்கம் வரி போட்ட கல்கல், ஒரு பக்கம் எள்ளு போட்டது என்று நிரப்பினார்கள். கனகத்தின் பிள்ளைகளுக்கு முட்டை போட்ட அச்சு முறுக்கு ஒரு பை நிறைய.

"நேரா ஓசூர் வூட்டுக்குப் போ," என்றாள் லூர்தம்மாள். "நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம சம்பந்திகிட்ட சொல்லு. அன்னிக்கி உண்மைய மறைச்சு பேர வாங்கிக்கினேன், மனசு கேக்கலன்னு சொல்லு. ரெண்டையும் துன்னு பாக்கட்டும்."

"கோவப்பட்டா?"

"பட்டா படட்டும். பழைய கோவம்தான கீது, புதுசா இன்னா வந்துடப்போவுது?"

தைரியமாகத்தான் சொன்னாள். லாரி போன பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, தேவையா இது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வெளியே வந்ததும் வராததுமாக நடேசன் கடைப் பக்கம் அவள் கால் தானாகத் திரும்பியது. புதுச் சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். போன் வருவதாக இல்லை. ஒரு டீ குடித்தாள். இன்னொன்று குடித்தாள். மாரி சலித்துப்போய், "வூட்டுக்கு வா, பிரியாணி ஆறிடும்" என்றான். எழுந்தபோது மணி அடித்தது. நடேசன் எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "ஓசூர்" என்று வாயசைத்தான்.

"சம்பந்தியம்மா, எங்கிட்ட ஏன் அன்னைக்கே சொல்லல?" சரோஜாவின் குரல் கண்டிப்பாகத்தான் இருந்தது.

"பயந்துட்டேன்," என்றாள் லூர்தம்மாள்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "எனக்கா பயந்தீங்க? நான் உங்களுக்குப் பயந்துகிட்டு இல்ல இருந்தேன்! வீட்டுக்குக் கூப்பிட்டா, எங்க பழக்கம் உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு. கனகத்தை நேத்து ராத்திரி நாங்க விடவே இல்ல, சாப்பிட வச்சுத்தான் அனுப்பினோம். நல்ல பொண்ணு. பொங்கலுக்கு அப்புறம் ஷெர்லினுக்கு வளைகாப்பு வச்சிருக்கோம். நீங்களும் அண்ணனும் முந்தின நாளே வந்துடணும், நம்ம வீட்லதான் தங்கணும். கனகத்தையும் வரச் சொல்லியிருக்கேன்."

லூர்தம்மாளுக்கு அடக்க முடியாத கேள்விதான் வந்தது.

"அது சரிங்க சம்பந்தி, ரெண்டுல எது நல்லா இருந்துச்சு?"

"அதை நேர்ல வந்து கேளுங்க," என்று சொல்லிவிட்டு, சரோஜா ரிசீவரை மருமகளிடம் கொடுத்தாள். ஷெர்லின், "யம்மா, ஹாப்பி கிறிஸ்துமஸ்!" என்று கத்தியது மாரி நின்ற இடம்வரை கேட்டது. மாரி தலையைச் சொறிந்துகொண்டு, "முந்தின நாளே போவணும்னா கடைய யாரு பாத்துக்கறது?" என்றான்.

தெருவில் தட்டு இன்னும் போகாத வீடுகள் நிறைய இருந்தன. இனிப் போகிற முதல் தட்டு நடேசனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு லூர்தம்மாள் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.