பத்துக்கு ஆறு மூட்டை

மேஸ்திரி கோவிந்தசாமிக்கு நான் தர வேண்டியது பதினோராயிரத்து எழுநூறு ரூபாய். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது வாங்கிய அட்வான்ஸ். அது தீராதவரை வேறு மேஸ்திரியிடம் போக முடியாது. அவர் பேச்சைத் தட்டவும் முடியாது.

கலவை போட்டுப் போட்டு இடுப்பு போய்விட்டது. கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன் வேலை இருந்தது. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்றார்கள். முதலியார்பேட்டை சமுதாயக் கூடத்தில் ஞாயிறு காலை நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். தமிழ் எழுத்தே நாற்பத்தாறு வயதில் படித்தவன் நான்.

அன்று இனியா டீச்சர் 'யூஸ்ட் டு', 'ஹேட் டு' நடத்தினார். முன்பு வழக்கமாகச் செய்ததற்கு ஒன்று, செய்தே ஆகவேண்டியிருந்ததற்கு இன்னொன்று. ஆளுக்கு நாலு வரி எழுதச் சொல்லி நோட்டுகளை வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் படித்துக் காட்டுவாராம்.

வெளியே வந்ததும், வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் தையல்நாயகி கேட்டாள்.

"என்னா எழுதின அண்ணே? நான் யானை வளத்தேன்னு எழுதிட்டேன்."

"நீயா? யானையா?"

"வாக்கியம் சரியா இருந்தா போதும். நெசமான்னு யாரு கேக்கப் போறா?"

பொய் எழுதலாம் என்று எனக்குத் தெரியாது. கைநாட்டு வைத்த காலத்திலிருந்தே, தாளில் ஏறியது சத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் எழுதியது இதுதான்: போன வருஷம் கோவிந்தசாமி மேஸ்திரிக்குக் கருவடிக்குப்பத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தேன். சிமெண்டைக் குறைக்க வேண்டியிருந்தது. கலைவாணி அம்மா வீட்டு பால்கனிக்குப் பத்து மூட்டைக்குப் பதில் ஆறு போட்டேன். மீதி நாலை மேஸ்திரி வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.

வகுப்பில் மேஸ்திரியின் அக்கா மகன் சிலம்பரசனும் படித்தான்.

திங்கட்கிழமை தூறலில் சைக்கிளை மிதித்து அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பு. ஒரு விரல் நுழையும். அதற்கு நேர் கீழே மூன்று பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கி ஸ்கூல் வேனுக்காக நின்றிருந்தார்கள்.

"யாருப்பா அது, அண்ணாந்து பாக்குற?" கலைவாணி அம்மா ஜன்னலில் இருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா."

வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க இடி இடித்தாலே அந்தப் பால்கனிதான் என்று உடம்பு தூக்கிப்போட்டது. சொன்னால் மேஸ்திரி கழுத்தில் துண்டு போட்டுப் பணம் கேட்பார். போலீசுக்கும் நான்தான் முதலில் போவேன், கலவை போட்டவன் நான்.

ஞாயிறு என் நோட்டைப் படித்துவிட்டு டீச்சர் சிரித்தார். "சின்னக்கண்ணு அண்ணன் நல்லா கற்பனை பண்ணிருக்காரு. நாலு வரியும் கரெக்ட்."

எல்லாரும் சிரித்தார்கள், சிலம்பரசனைத் தவிர. "கற்பனைதான மாமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். நாளைக்குத் திங்கள், வேன் வரும்.

"இல்ல டீச்சர். நெசம். என்கூட அந்த வீட்டுக்கு வரீங்களா? தனியா போவ பயமாருக்கு."

சிலம்பரசன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நாங்கள் போய்ச் சேரும்போது மேஸ்திரியின் வண்டி அங்கே நின்றது. நான் சொல்லி முடிக்கும்வரை கலைவாணி அம்மா என்னைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைத்தான் பார்த்தார்.

"இடிச்சிட்டுப் புதுசா கட்டிக் குடு. இல்லன்னா ஸ்டேஷனுக்குப் போறேன்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நீதான் இடிக்கிற, நீதான் கட்டுற. கூலி கெடையாது. நாளுக்குத் தொள்ளாயிரம் உன் கடன் கணக்குல கழிச்சிக்கிறேன்."

மறுநாள் முட்டுக் கொடுக்கும் முன்பே, பிள்ளைகள் வராதபடி கீழே கயிறு கட்டினேன். ஏணியில் ஏறினேன். சம்மட்டியின் இரண்டாவது அடிக்கே ஒரு பாளம் பெயர்ந்து, அவர்கள் நின்ற இடத்தில் விழுந்தது. இறங்கி வந்து கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டினேன்.

புதுசாகக் கலவை போட்ட அன்று கலைவாணி அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மூட்டைகளை எண்ணினார். பத்து.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் மேஸ்திரி கணக்கு நோட்டை நீட்டினார். பதினோராயிரத்து எழுநூறு என்ற எண் மேல் கோடு கிழித்திருந்தது.

"முடிஞ்சிது. இனிமே என் சைட்டுப் பக்கம் வராத."

இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, கீழே என் பேரை எழுதினேன்.