மாப்பிள்ளையின் மெத்தென்ற கை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஆவடியில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டக் காத்திருந்தேன். பாத்திரம் விளக்கும் சோப்பு என் விரல்களைத் தின்றுபோட்டிருந்தது. பின்பெஞ்சில் இரண்டு பையன்கள். எனக்குக் கழுத்து சுலபத்தில் திரும்பாது. அதனால் அவர்கள் முகம் தெரியாது. பரவாயில்லை. கதை எனக்கு எப்போதுமே காது வழியாகத்தான் வரும். முதலில் பேச்சு, அப்புறம்தான் ஆள்.

"இன்னா மச்சான், ஆபரேட்டர் கையா இது? கொழந்த கன்னம் மாதிரி கீது."

"கலாய்க்காத மாமே. இந்தக் கையாலதான் வந்த சம்பந்தம் நின்னுகினு கீது."

என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே மருத்துவர் சொன்ன ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. வெளியே வந்தால் பெஞ்சு காலி. ஆக, எனக்குக் கிடைத்தது இரண்டே வரி.* மீதியெல்லாம் நான் போட்ட மாவு.

(* சரியாகச் சொன்னால் மூன்று. மூன்றாவதை எழுதினால் என் மருமகள் இதைப் படிக்கமாட்டாள்.)

2

தொடக்கம் வரவில்லை. பாருங்கள்:

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கூரைகளுக்கு மேலே சூரியன் தயங்கித் தயங்கி—

சூரியன் எதற்குத் தயங்க வேண்டும்? வேண்டாம்.

கை என்பது மனிதனின் இரண்டாவது முகம் என்பார்கள். அந்த முகத்தில்—

யார் என்பார்கள்? நான்தான் இப்போது சொன்னேன். இதுவும் வேண்டாம். நேரே ஆளிடம் போய்விடலாம்.

டில்லிபாபு என்று பேர் வைக்கிறேன். இருபத்தெட்டு வயது, வீடு முத்தாபுதுப்பேட்டை. அம்பத்தூரில் இரும்பைக் கடையும் கம்ப்யூட்டர் மெஷினுக்கு ஆபரேட்டர். கடைகிற இடம் சூடாகாமல் இருக்க கூலண்ட் என்று பால்போல ஒரு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஷிப்டு முழுக்க கை அதில்தான். மணி அடித்ததும் எல்லாரும் செய்வதை அவனும் செய்வான்: மண்ணெண்ணெயில் ஒரு முக்கு, மரத்தூள் போட்டு ஒரு தேய், அதற்கு மேலே துணி துவைக்கிற பவுடர். கை பளிச்சென்று ஆகும். தோல் கழன்றுவரும்.

விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. சாம்பாரில் கை வைத்தால் உயிர் போய் வந்தது. சூப்பர்வைசர் தினகரன் கூப்பிட்டார்.

"ரெண்டு மாசம் டைம். கை ஆறலேன்னா உன்ன பேக்கிங்குக்கு மாத்திருவேன்."

"சார், ஏழு வருசமா கத்துகினு வந்த மெஷின் சார்."

"மெஷின் நல்லாத்தான்பா கீது. உன் கைதான் ரிப்பேரு."

அப்படித்தான் ஆவடியில் தோல் டாக்டர் சபீனாவிடம் வந்து சேர்ந்தான்.

"மண்ணெண்ணெய்ல கை கழுவச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"எல்லாரும் கழுவுறாங்க மேடம்."

"அப்ப எல்லாரும் வரிசையா இங்கதான் வரப்போறாங்க."

வேலைக்கு முன்னால் ஒரு கிரீம். முடிந்ததும் காரமில்லாத சோப்பு. விரல் இடுக்கைத் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுவது. இவ்வளவுதான் வைத்தியம். அதோடு ஒரு எச்சரிக்கை: "இன்னொரு வாட்டி வெடிச்சா, ஆறுறதுக்கு இதவிட நாளாகும்."

(கையுறை மாட்டினால் தீர்ந்ததே என்பீர்கள். நானும் அப்படி நினைத்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சுற்றுகிற மெஷின்கிட்டே கையுறை போடவே கூடாதாம்; துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடுமாம். ஒரு பக்கம் குப்பைக்குப் போனது.)

சிநேகிதன் அஜித்குமார் அவனுக்கு "பியூட்டி பார்லர்" என்று பேரே வைத்துவிட்டான். டில்லிபாபு அசரவில்லை. ரெண்டு மாசக் கெடுவுக்குள் வெடிப்பு ஆறியது; ஆறு மாதத்தில் கையே தேறியது. தேறியது என்றால் சும்மா இல்லை. உள்ளங்கையில் வெண்ணெய் வழுக்கும்.

3

அந்தக் கையோடு காட்டுப்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனான்.

பெண்ணுடைய அப்பா மணவாளன். மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்கமாட்டார், ஜாதகம் புரட்டமாட்டார். கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்துவார். மூத்த மருமகனையும் அப்படித்தான் எடுத்தார். கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிற மாதிரி.

அழுத்தினார். முகம் மாறியது.

"இன்னா வேலைனு சொன்ன?"

"மெஷின் ஆபரேட்டர் மாமா."

"மெஷின நீ ஓட்றியா, அது ஓட்றத பாத்துகினு கீறியா?"

(கம்பெனி அட்டையைக் காட்டலாமே என்று கேட்பீர்கள். காட்டினான். "அட்டைய எவன் வேணா அடிச்சிக் குடுப்பான். கை பொய் சொல்லாது" என்றுவிட்டார்.)

இரண்டு நாள் கழித்துத் தரகர் கோவிந்தன் சேதி கொண்டுவந்தார்: வருகிற ஞாயிறு இன்னொரு தடவை வரட்டும், கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

டில்லிபாபுவின் அம்மா நாகவல்லிக்கு வழி உடனே தெரிந்துவிட்டது.

"ஆறு நாள் கீது. அந்தக் கிரீமத் தூக்கி மேல போடு. பழையபடி மண்ணெண்ணெய்ல கழுவு. ஞாயித்துக்கெழம சொரசொரன்னு ஆயிடும்."

"வெடிச்சிடும்மா. மெஷினே போயிடும்."

"மெஷின் போனா வேற மெஷின். பொண்ணு போனா?"

அவனுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

4

இங்கேதான் எனக்கு இடித்தது. அந்தப் பெஞ்சுப் பேச்சில் 'சம்பந்தம்' என்று மட்டும்தான் கேட்டேன். பெண் எப்படிப்பட்டவள்?

அனுசுயா காபித் தட்டோடு தலையைக் குனிந்து, கொலுசு சிணுங்க—

"ஏங்க, எழுதுறவங்களே."

யாரது?

"நான்தான், அனுசுயா. என் கொலுச நீங்க பாத்தீங்களா?"

இல்லையம்மா.

"பூந்தமல்லில ரத்தப் பரிசோதன லேப்ல நின்னுகிட்டு வேல செய்றேன். இதுல கொலுசு வேறயா? அடிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க."

அடித்துவிட்டேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மொட்டைமாடியில் இரண்டு பேரையும் பத்து நிமிஷம் பேச விட்டார்கள். நரம்பு தேடிப் பழகிய அவள் கண் அவன் கைமேல்தான் போனது.

"ஒரு நாளைக்கு அறுபது கை புடிக்கிறேன். இவ்ளோ பதமா வச்சிருக்கிற கை ஒண்ணுகூட வந்ததில்ல. என்ன போடுறீங்க?"

"தேங்கா எண்ணெய்ங்க. ஈரம் காயறதுக்குள்ள."

"எங்க லேப்ல சானிடைசர் போட்டுப் போட்டு எனக்கும் வெடிச்சிருக்கு. பாருங்க."

அவன் பார்த்தான். தொடவில்லை. எப்படி ஆற்றுவது என்று மீதி நிமிஷம் முழுக்க விளக்கினான். நான் கேட்ட காதல் பேச்சுகளில் இதுதான் உருப்படியானது.

5

முடிவுக்கு வருவோம். மூன்று முயற்சி செய்தேன்.

முதல் முடிவு: திங்கட்கிழமை ஷிப்டு முடிந்ததும் டில்லிபாபு மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து, கையை உள்ளே

எழுத முடியவில்லை. என் விரலே எரிந்தது.

இரண்டாம் முடிவு: மணவாளன் நேரே கம்பெனிக்கு வந்து, மாப்பிள்ளை வேலை செய்வதைப் பார்த்துக் கண்கலங்கி... வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான். அதுவும் போச்சு.

மூன்றாவதை அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் கேட்டு எழுதினேன்.

ஞாயிறு காலை. டில்லிபாபு வழக்கம்போல எண்ணெய் பூசிய கையோடுதான் போனான். மணவாளன் வீட்டுத் தெருமுனைவரைக்கும் நாகவல்லி திட்டிக்கொண்டே கூட வந்தாள். மணவாளன் கையைப் பிடித்தார், திருப்பினார், அழுத்தினார்.

"இன்னும் மெத்துனுதான் கீது."

"ஆமா மாமா. இனிமேலும் அப்பிடித்தான் இருக்கும். வெடிச்ச கைய மெஷின்ல வுடமாட்டாங்க. இந்தக் கைய பாத்துக்கிறதும் என் வேலதான்."

நாகவல்லி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கோவிந்தன் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

அனுசுயா சமையலறையிலிருந்து வந்தாள். தட்டு இல்லை.

"அப்பா, உங்க இன்னொரு கையக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கப்பா."

இடது கையை வாங்கித் திருப்பி, டில்லிபாபுவின் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். மணவாளன் உழுத நிலம் ஃபிளாட்டாகி இருபது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அந்தக் கை பிடித்ததெல்லாம் பேப்பரும் ரிமோட்டும்தான்.

"இப்ப சொல்லுங்க. எது மெத்துனு இருக்கு?"

மணவாளன் இரண்டு கையையும் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். ஊரில் இருக்கிற கைகளையெல்லாம் திருப்பிப் பார்த்த மனுஷன், தன்னுடையதைத் திருப்பிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். அப்புறம் வாயைத் திறந்தார்.

இங்கேதான் எனக்குக் காது கேட்கவில்லை. அவருக்காக நாலு வசனம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிரித்தார், ஒன்றில் கோபித்தார், ஒன்றில் பேச்சை மாற்றி டிபன் எடுத்துவைக்கச் சொன்னார். நாலாவதைச் சொல்லவே வேண்டாம், அதில் என் மாமனார் பேசிவிட்டார். எதுவும் மணவாளன் குரல் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மனுஷர் இருப்பாரே? அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

"...................................................."

உங்களுக்கு உதவியாக ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இவ்வளவு நேரமாகியும் அவர் டில்லிபாபுவின் கையை விடவில்லை.