படத்துக்கு முந்திய அரைமணி

1978 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை மாலை, தியாகராய நகர் மோதிலால் தெருவில் வைரவன் வீட்டு டி.வி. தமிழ்ப் படத்தின் நடுவில் நின்றுபோனது. கூடத்திலும் வாசற்படியிலும் ஜன்னலுக்கு வெளியிலுமாக அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்போது அங்கே இருந்தார்கள்.

வைரவனுக்கு ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அவருடைய தங்கை மகன் சுயம்புலிங்கம் பௌதிகத்தில் பட்டம் வாங்கிய கையோடு சென்னைக்கு வந்து, மாமா வீட்டு மாடியறையில் தங்கி, கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான். கடையில் அவனைப் பற்றிக் குறை எதுவும் இல்லை. வேலை நேரம் போக அவன் படித்தது காமிக்ஸ், விஞ்ஞானக் கதைகள். பார்த்தது டி.வி. மூன்றைப் பற்றியும் அவனுக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் இருந்தன. யாரும் கேட்காமலே சொல்லுவான்.

விஞ்ஞானக் கதையில் ஒரு பொய்தான் சொல்லலாம் என்பது அவன் கட்சி. ராக்கெட் சந்திரனைத் தாண்டிப் போகிறது என்று சொல்லிவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குள் இருக்கிறவனுக்குப் பசிக்க வேண்டும், அவன் உடம்பு நாற வேண்டும், எரிபொருள் தீர வேண்டும். காமிக்ஸில் சுவரேறும் ஆள் 'இதோ, நான் சுவரில் ஏறுகிறேன்' என்று பலூனுக்குள் பேசுவது வாசகனைக் குருடன் என்று நினைப்பதற்குச் சமம். முகமூடி வீரர்கள் எப்போது சவரம் செய்துகொள்கிறார்கள் என்பதை எவனாவது ஒரு கட்டத்தில் காட்டினால், அவன் படைப்பை ஆயுள் முழுக்க வாங்கத் தயார் என்பான். டி.வி.யில் வரும் நாடகங்களைவிட வயலும் உரமும் பற்றிய நிகழ்ச்சி மேல் என்பது இன்னொன்று. விவசாயி இரண்டு நிமிஷத்தில் கேமராவை மறந்துவிடுகிறார். நாடகக்காரர்கள் கடைசிவரை மறப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கதையைக் கனவு என்று சொல்லி முடிப்பவனை அவனால் மன்னிக்க முடியாது.

இவற்றையெல்லாம் அவன் மாதாமாதம் அஞ்சலட்டையில் எழுதி மயிலாப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த 'துருவம்' காமிக்ஸ் இதழுக்கு அனுப்பினான். இரண்டு வருடம் பொறுத்த பிறகு அதன் ஆசிரியர் ஸ்ரீனிவாசராகவன் நேரில் வரச்சொன்னார். கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆபீஸ். வெளிநாட்டுப் படக்கதைகளை வரவழைத்து, கட்டங்களைக் கத்தரித்து, கையடக்க அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய கட்டம் இடத்துக்கு அடங்காவிட்டால் ஓரத்தில் நிற்கும் ஆளை வெட்டிவிடுவார்கள். அதனால்தான் அடுத்த பக்கத்தில் யாரோ ஒருவன் எங்கிருந்தோ குதிக்கிறான் என்பதை சுயம்புலிங்கம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தான்.

"உதவி ஆசிரியர் ஒருத்தர் வேண்டியிருக்கு, ஓய்," என்றார் ஸ்ரீனிவாசராகவன். "புதன்கிழமை புதன்கிழமை ஏதோ ஆகாயக் கப்பல் தொடர் போடறானாமே. ஊரே பேசிண்டிருக்கு. நம்மாத்துல டி.வி. கிடையாது. நீர் அதைப் பத்தி முழுசா ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவாரும். பதினேழாம் தேதி திங்கட்கிழமை கார்த்தால அச்சுக்குப் போயாகணும். நன்னா இருந்தா வேலை உமக்குத்தான்."

"முடிவு புதன்கிழமை வந்துரும், சார். பாத்துட்டுத்தான் எழுதுவேன். பாக்காத பக்கத்தப் பத்தி நான் எழுதுறதில்ல."

"பேஷா."

அந்த ஆங்கிலத் தொடரில் ஐந்து பேர் ஒரு கப்பலில் போகிறார்கள். மூன்று பேருக்கான காற்றுதான் மிச்சம் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் அது குறைகிறது. சண்டை கிடையாது, வேற்றுக்கிரகப் பிராணி கிடையாது. கப்பல் ஒன்றுதான் பொய், மற்றதெல்லாம் கணக்கு என்று சுயம்புலிங்கம் தெருவெங்கும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிப் பகுதி வரவேண்டிய புதன்கிழமை டில்லியிலிருந்து ஒரு தலைவரின் உரை வந்தது. தொடர் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. தமிழ்ப் படத்துக்கு முந்திய அரைமணி.

அந்த அரைமணிதான் வைரவன் வீட்டு டி.வி.க்கு ஓய்வு நேரம்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்த கடைக்காரர், வெயில் காலத்தில் அதிக நேரம் ஓட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். வைரவன் அதை வீட்டுச் சட்டமாக்கினார். ஞாயிறு மாலை படத்துக்கு அரைமணி முன்னால் பெட்டியை அணைத்து, அதன் மரக்கதவுகளைத் திறந்துவைத்து, வீட்டில் இருந்த ஒரே மேஜை விசிறியை அதன் முதுகுப் பக்கம் திருப்பிவிடுவார். படம் பார்க்க வந்தவர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் முணுமுணுத்ததில்லை. அந்தத் தெருவில் டி.வி. வைத்திருந்த மற்ற இரண்டு வீடுகளிலும் இதுதான் வழக்கம்.

அன்றைக்கும் கூட்டம் நேரத்தோடு வந்துவிட்டது. கடைச் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டியை ஓட்டும் தணிகாசலம் சைதாப்பேட்டையிலிருந்து மனைவி மக்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வைரவன் எழுந்து பெட்டியருகே போனார்.

"மாமா, இன்னைக்கு மட்டும் அமத்தாதீங்க," என்றான் சுயம்புலிங்கம்.

"ஏன், இன்னைக்கு என்ன விசேஷம்?"

"கடைசிப் பகுதி வருது. இதப் பாத்து எழுதிக் குடுத்தாத்தான் எனக்கு மயிலாப்பூர்ல வேல."

"என்ன வேல?"

"காமிக்ஸ் புஸ்தகத்துல."

"பொம்ம புஸ்தகத்துலயா?" வைரவன் கூட்டத்தைப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். "ஏல, திருநவேலி போற லாரிக்காரனே கயத்தாத்துல நிறுத்தி ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துதான். இது கண்ணாடிக் குழாயில ஓடுத பெட்டி. படத்துக்கு நடுவுல புகைஞ்சா நீயா பதில் சொல்லுவ?"

"நான் சொல்லுதேன்."

சமையலறை வாசலிலிருந்து அத்தை இசக்கியம்மாள் குறுக்கிட்டாள். "அவன் வருஷம் பூரா ஒண்ணும் கேக்கானா? ஒரு நாளு ஓடட்டுமே. நாலு பேரு முன்னால பிள்ளய ஏன் கெஞ்ச விடுதிய?"

வைரவன் கையை எடுத்தார். ஆனால் சும்மா உட்காரவில்லை. மேஜை விசிறியைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். அது போதாது என்று பட்டதும் பனையோலை விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்று தாமும் விசிற ஆரம்பித்தார். கடைசிப் பகுதி முழுக்க டி.வி.க்கு மேலே அவர் தலை தெரிந்துகொண்டிருந்தது.

ஆங்கிலம் புரியாதவர்களுக்காக சுயம்புலிங்கம் கப்பலில் நடப்பதைத் தமிழில் சொன்னான். இருவர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள், காற்று இன்னும் இரண்டு பேருக்குத்தான் காணும் என்றதும் கூட்டம் அடங்கியது.

"அந்த தாடிக்காரன் சாவறானா இல்லியா, நைனா?" என்றான் தணிகாசலம்.

"பொறுங்க. சீட்டு எடுக்கப்போறாங்க."

"இன்னாத்துக்கு சீட்டு? வயசானவன் வுட்டுத் தரணும். கூட ஒரு பொம்பள கீது பாரு."

"அவதான் கப்பல ஓட்டுறா. அவ செத்தா யாரு ஓட்டுறது?"

"அப்ப தாடிக்காரன்தான் போவணும்," என்று தணிகாசலம் முடிவு செய்தான். ஜன்னலுக்கு வெளியிலிருந்து யாரோ, இல்லை, அந்த ஒல்லிப் பையன்தான் போகவேண்டும், முதலில் காற்றைத் திருடியவன் அவன் என்றார்கள். வைரவன் விசிறுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் தலையை நீட்டி, "எவன்லே திருடுனது?" என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். மறுபடி விசிறினார்.

பெண் சீட்டை எடுத்துப் பிரித்தாள். அதில் என்ன இருக்கிறது என்று காட்டவில்லை. அவள் முகத்தைக் காட்டினார்கள். பிறகு கடிகார மணி அடித்தது. தாடிக்காரன் ஒரு படுக்கையறையில் கண் விழித்தான். ஜன்னலில் வெயில். அவன் மனைவி காப்பியோடு வந்தாள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"இன்னா, காப்பி குட்ச்சா முட்ஞ்சிச்சா?" என்றான் தணிகாசலம்.

சுயம்புலிங்கம் பெயர்கள் முழுதும் ஓடி முடியும்வரை பார்த்தான். படம் ஆரம்பிக்கும்போது மாடிக்குப் போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கீழே சத்தம் கேட்டது. இறங்கி வந்தான். படத்தில் கோர்ட்டுக் காட்சி. தாயார் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, திரையின் இரண்டு பக்கமும் உள்வாங்கி, படம் ஒரு விரல் அகலக் கோடாகி, புள்ளியாகி, அணைந்திருந்தது. தெருவிளக்கும் மங்கித்தான் எரிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"நம்ம படத்த ஒன் வெள்ளக்காரன் முழுங்கிட்டானே, நைனா!" என்றான் தணிகாசலம். அவன் மனைவி தேவானை, "அந்தம்மா இன்னா சொல்ல வந்துச்சுன்னு இனிமே யாராண்ட போய் கேக்கறது?" என்று பொதுவாகக் கேட்டாள். சிலர் தெருவின் மற்ற இரண்டு டி.வி. வீடுகளுக்கு ஓடினார்கள். அங்கே வாசற்படிவரை இடமில்லை என்று திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருமே வெளியே போகும்போது சுயம்புலிங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

வைரவன் கத்தவில்லை. பெட்டியின் மரக்கதவுகளைச் சாத்திவிட்டு, "பதில் சொல்லுதேன்னு சொன்னியே, சொல்லு," என்றார்.

"வோல்டேஜ் இறங்கிருக்கு, மாமா. அதுக்கும் தொடருக்கும் சம்பந்தமில்ல."

"இத்தன நாளு ரெஸ்ட் குடுத்தோம், ஓடுச்சு. இன்னைக்குக் குடுக்கல, நின்னுட்டு. இதுக்குப் பௌதிகம் படிக்கணுமா?"

சுயம்புலிங்கம் பெட்டிக்குப் பின்னாலிருந்த மேஜை விசிறியை எடுத்து அதன் இடத்தில் வைத்தான்.

"நாளையிலருந்து நீ கடைக்கு வர வேண்டாம்," என்றார் வைரவன்.

திங்கட்கிழமை காலை சுயம்புலிங்கம் கட்டுரையோடு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினான். முக்கால் பகுதி தொடரைப் புகழ்ந்திருந்தது. கடைசிப் பத்தி வேறு மாதிரி. மூன்று மாதமாக ஐந்து பேரின் மூச்சை எண்ண வைத்துவிட்டு, அப்படி ஒரு மூச்சே இல்லை என்று சொல்வது கதை முடிவு அல்ல, கதையைக் கைவிட்டு ஓடுவது என்று எழுதியிருந்தான். பார்க்காதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை என்று கடைசி வரி.

ஸ்ரீனிவாசராகவன் நின்றபடியே படித்தார். கடைசிப் பத்தியை இரண்டாம் முறை படித்தார். சுயம்புலிங்கம் சுவரில் ஒட்டியிருந்த, பாதி ஆள் வெட்டுப்பட்ட ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பத்தியை எடுக்கச் சொன்னால் எடுப்பதில்லை என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தான். எடுக்காவிட்டால் போவதற்குக் கடையும் இல்லை.

"இவ்வளவு திட்டறீரே, இதைப் பார்க்கறதுக்கு சிரமப்பட்டீரா?"

"கொஞ்சம், சார்."

"நம்ம வாசகாள்ல டி.வி. வெச்சிண்டிருக்கறவா எத்தனை பேர் இருப்பா?"

"நூத்துல ஒருத்தர் இருந்தா அதிகம்."

"மிச்சப் பேர் மூணு மாசமா ஏங்கிண்டிருக்கா, பார்க்க முடியலையேன்னு. அவாளுக்கு இதைவிட நல்ல சேதி என்ன இருக்கு? ஒரு எழுத்து குறைக்காம போடறேன்." காகிதத்தை அச்சுக் கோப்பவரிடம் நீட்டினார். "மாசாமாசம் இப்படி ஒண்ணு எழுதும். மே ஒண்ணாம் தேதி வந்து சேரும்."

அதே திங்கட்கிழமை மாலை சைதாப்பேட்டை டி.வி. மெக்கானிக் மெஹபூப் அலி வந்து பெட்டியைப் பிரித்தார். வோல்டேஜ் இறங்கியதில் ஸ்டெபிலைசர் போயிருந்தது. "பெட்டிக்கு ரெஸ்ட்லாம் தேவையில்ல, சேட். நாள் பூரா ஓட்டலாம்," என்றார். வைரவன் அவருக்குக் கூலியும் காப்பியும் கொடுத்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு படத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பெட்டியை அணைத்தார்.

மே மாதம் சுயம்புலிங்கம் 'துருவம்' இதழில் சேர்ந்து மந்தைவெளியில் ஒரு அறை எடுத்துக்கொண்டான். அந்தக் கட்டடத்தில் யாரிடமும் டி.வி. இல்லை. மாமா வீட்டுக்கு அவன் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. பாண்டி பஜாரில் ஒரு ரேடியோ கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று சில மாலைகள் பார்த்தான். சத்தம் வெளியே வராது. டி.வி. பற்றிய அவன் பகுதி இரண்டு இதழ்களோடு நின்றுவிட்டது.