ஜெஸ்வினின் கத்தி

மடங்கிய விரல் நீளாமல் மாட்டிக்கொள்ளும் நோய்க்கு, சிறு துளை வழியே நுழைத்து அறுக்கும் கத்தியை மேலகரம் பட்டறையில் முஃபீதும் ஜெஸ்வினும் தனித்தனியே வடிவமைத்தார்கள். தென்காசி டாக்டர் ஜெஸ்வினுடையதைத் தேர்ந்தெடுத்தார். குற்றாலச் சாரல் குளிரிலும் முஃபீதுக்கு வயிறு பற்றி எரிந்தது. போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் அரம் பிடித்துத் தேய்த்ததில் அவன் நடுவிரலே மாட்டிக்கொண்டது. கடைசியில் அந்தக் கத்திக்கே கையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மரத்துப்போக ஊசி போட்டு, தசைநாணை இறுக்கிய பட்டையை டாக்டர் அறுத்தார். "மடக்கி நீட்டுங்க."

விரல் வழுக்கிக்கொண்டு மடங்கியது. பாவி, என்ன சுத்தமாக அறுத்திருக்கிறது! முஃபீத் வேண்டுமென்றே விரலை நீட்டாமல் வைத்திருந்தான்.

"நீள மாட்டேங்கு டாக்டர். இந்தக் கத்தி சரியில்ல."

தன் கத்தி வேலை செய்வதைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற ஜெஸ்வினின் முகம் வெளுத்தது. "அப்ப முஃபீத் கத்தியையே எடுங்க டாக்டர். அதுவும் தட்டுலதான் இருக்கு."

டாக்டர் அதை எடுத்தார். அது தொடும் முன்பே முஃபீதின் விரல் சட்டென்று நீண்டது.