செடல் மரம் இறங்கிய அளவு

என் ஓரகத்தி ஜெயப்பிரியாவை எனக்கு முதலில் அவ்வளவாகப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விடிந்ததும் மாட்டைக் கறந்து, சோறாக்கி, பாகூர் ரோட்டில் இருக்கிற எங்கள் வெல்டிங் பட்டறைக்குத் தூக்குப்போசியோடு ஓடுகிறவள் நான். அவளோ மாடியறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கலர் படம் பார்ப்பாள். பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாளாம். என் கொழுந்தன் ஹரிஹரன் அவளுக்கு மாடிக்கே டீ கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள் எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு இரும்புச் சாமான் நீலமும் பச்சையும் சிவப்புமாகத் திரையில் நின்றது.

"இன்னாடி இது, ஓலி பண்டிகையா?"

"விமானத்துல சீட்டுக்குக் கீழ வர்ற கால் அக்கா. குலுங்குனா எவ்ளோ வளையும், எந்த எடத்துல ஜாஸ்தி இழுபடும்னு பாக்குறேன்."

"செஞ்சு வளைச்சுப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

"உடைஞ்சப்புறம் தெரிஞ்சு இன்னா பண்றது?" என்று சிரித்தாள்.

அன்றைக்கு அவள் சொன்னது எனக்கே புரிந்தது, அதுதான் ஆச்சரியம். ஒரு சாமானைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரிப்பாளாம். ஒரு துண்டுக்குக் கணக்குச் சுலபம். இவ்வளவு இழுத்தால் இவ்வளவு நீளும். ஆனால் எந்தத் துண்டும் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது, பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீன்வலையில் ஒரு முடிச்சை இழுத்தால் சுற்றியிருக்கிற முடிச்செல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடவே வருமே, அந்த மாதிரி. அத்தனை முடிச்சும் எங்கே போய் நின்றால் ஒன்றோடொன்று சரிப்பட்டு வரும் என்று ஒரே வீச்சில் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிட்டால், எங்கே எவ்வளவு இழுபடுகிறது என்பதும் தெரிந்துவிடும். பெரிய வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது என் வேண்டுதலைச் சொல்லவேண்டும். போன ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர் கலைச்செல்வன் டெங்குவில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்ட அன்றைக்கு, எங்கள் ஊர் மாரியம்மனிடம் மடிப்பிச்சை கேட்டேன். இவரை எழுப்பிக் கொடு தாயே, ஆடிச் செடலில் உன் வாசலில் இவரைச் சுற்றவிடுகிறேன் என்று. எழுந்துவிட்டார். எழுந்தவர் மறுவாரமே பட்டறைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் செடல் சுற்றுவது என்றால் கோயில் வாசலில் ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு ஒரு தூண் நிற்கும். அதன் தலையில், நடுவில் மாட்டி, சுழலும்படி குறுக்கே ஒரு நீளக் கை. முதுகில் செடல் முள் என்கிற கொக்கியைக் குத்தி, மார்பிலும் இடுப்பிலும் துணி கட்டி, வேண்டிக்கொண்டவரைக் கையின் ஒரு முனையில் தொங்கவிடுவார்கள். மறுமுனைக் கயிற்றை ஊரார் பிடித்துச் சுற்றுவார்கள். அந்தக் கை முன்பு மரமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு இரும்புக் குழாயில் செய்து கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். ஆனாலும் ஊருக்கு அது இன்னும் செடல் மரம்தான். அம்மன் சாமான் என்பதால் ஆடிக்கு ஆடி அதன்மேல் மஞ்சள் பெயின்ட் பூசுவார்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டமாட்டார்கள். அம்மனைச் சுரண்டுவதா என்பார்கள். பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் ஏறிக் குழாய் தடித்துக் கிடந்தது.

இந்த வருஷம் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஜெயப்பிரியா என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"மாமா, நீங்க தொங்கப் போற மரத்த நான் ஒருவாட்டி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கட்டா?"

"தாராளமா பாரும்மா. என் வெல்டுக்கு உன் கம்ப்யூட்டரே சலாம் வெக்கும்."

அளவெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். மறுநாள் படத்தைக் காட்டினாள். தூணுக்குப் பக்கத்தில், பலத்துக்காக அவர் குழாயின்மேல் இன்னொரு குழாயை உறைபோல மாட்டி வெல்டு வைத்திருந்தார். அந்த உறை முடிகிற விளிம்பில் சிவப்பாக இருந்தது.

"அங்கதான் உடையுமா?" என்றேன்.

"அப்டி சொல்ல முடியாதுக்கா. அந்த மூலையில வர்ற எண்ண நான் நம்பமாட்டேன். துண்ட இன்னும் சின்னதா வெட்டுனா எண்ணு ஏறுது, இன்னும் வெட்டுனா இன்னும் ஏறுது. கூர் மூலையில கணக்கு அப்டித்தான் ஆடும். ஆனா முனை எவ்ளோ கீழ எறங்கும்னு கேட்டா, எவ்ளோ சின்னதா வெட்டுனாலும் ஒரே எடத்துல வந்து நின்னுடுது. அத்த நம்பலாம். வழக்கமா தொங்கவிடற ரெண்டு மூட்டைக்கு ஆறு இஞ்சு எறங்கணும்."

தன் கம்ப்யூட்டர் சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தானே பிரித்துச் சொல்கிறாள். பட்டறையில் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அங்கே எல்லாமே "கல்லு மாதிரி நிக்கும்" தான்.

காப்புக் கட்டுகிற அன்று காலையில் மூட்டைப் பரீட்சை நடக்கும். இரண்டு நெல் மூட்டையை முனையில் தொங்கவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, தாங்கினால் பூசாரி கற்பூரம் காட்டுவார். அன்றும் தாங்கியது. பம்பை முழங்கியது, ஊரே கைதட்டியது. ஜெயப்பிரியா மட்டும் டேப்பைப் பிடித்துக்கொண்டு முனை எவ்வளவு இறங்கியது என்று அளந்தாள்.

ஏறக்குறைய எட்டு இஞ்சு.

என் வீட்டுக்காரருக்கு வந்ததே சந்தோஷம்! "இன்னாம்மா, ஆறுன்ன? பாத்தியா, கம்ப்யூட்டரு ஃபெயிலு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே. கற்பூரம் காட்டிக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் செடல் முடிகிறவரை அந்த மரத்தில் சுத்தியலோ உளியோ அரமோ வெல்டிங்கோ படக்கூடாது. அது எங்கள் ஊர்க் கட்டு.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். இல்லை. முகம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அவள் செய்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். முதலில் தன் மேலேயே சந்தேகப்பட்டாள். மறுமுனைக் கயிறு இழுபட்டிருக்குமோ என்று மூட்டையை மறுபடி கட்டச் சொல்லி, அந்த முனை மேலே வந்த அளவையும் எடுத்துக் கழித்தாள். தூண் சாய்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள். குழாயின் வாய்ப்பக்கம் கனத்தை அளந்தாள். கடைக்காரன் சொன்னதைவிட மெல்லிசாக இருந்தது. ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கணக்கில் சேர்த்து மறுபடி போட்டாள். கணக்கு ஆறிலிருந்து ஆறரைக்கு வந்தது. அதற்குமேல் அசையவில்லை. ஹரிஹரன் டீயை வைத்துவிட்டு வந்தால் அது அப்படியே ஆடை கட்டிக் கிடக்கும். இரண்டு நாள் நானே சோற்றை மேலே கொண்டுபோனேன்.

"இன்னும் ஒரு இஞ்சுக்கு மேல மிச்சம் கீதுக்கா. அது எங்கேந்து வருதுன்னு எனக்குத் தெரியல."

"ஒரு இஞ்சுக்காடி இப்டி சாப்புடாம கெடக்குற?"

"முழுசா கீற இரும்பு இந்தளவுக்குமேல எறங்காது. எறங்குதுன்னா உள்ள எதுவோ முழுசா இல்ல. மூட்டை தாங்குச்சு, சரி. மூட்டை சும்மா தொங்குது. மாமா தொங்குனா ஆடும், எகிறும், சுத்திச் சுத்தி வரும்."

எனக்குப் பயமாகிவிட்டது. பயந்ததால் கோபம் வந்தது. என் வழி அதுதான். "அம்மனுக்கு வேண்டிக்கினது. அபசகுனமா பேசாத" என்று கத்திவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் நேரே தர்மகர்த்தா முத்துசாமி பெரியப்பாவிடம் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன், தடுக்கத்தான்.

"உறையோட விளிம்புல பெயின்ட்ட எடுத்துப் பாக்கணும் பெரியப்பா."

"காப்புக் கட்டியாச்சும்மா. இரும்பு படக்கூடாது. மூட்டையும் தாங்கிடுச்சு. உனுக்கு இன்னா, உடையும்னு உறுதியா தெரியுமா?"

"தெரியாது பெரியப்பா."

"அப்பறம்?"

"தெரியாததாலதான் கேக்குறேன். தெரியாம நான் சரின்னு சொல்லமாட்டேன்."

பெரியப்பா சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த ஊரில், நாலு ஆம்பளைகள் நடுவில், ஏற்கெனவே ஒருமுறை தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால், ஒருத்தி "எனக்குத் தெரியாது" என்கிறாள். தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். அவள் என் புருஷனுக்காக நின்றுகொண்டிருக்கிறாள். நான் என் வேண்டுதலுக்காக நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பெரியப்பா," என்றேன். "இரும்புதான படக்கூடாது? அம்மன் சாமானத் தொலக்குறது பொம்பளைங்க வேலதான? வெளக்கு தொலக்குறோம், தாம்பாளம் தொலக்குறோம். இதையும் தொலக்குறேன்."

அவர் வாயில் வெற்றிலையோடு என்னைப் பார்த்தார். "இரும்பு மட்டும் படாம தொலக்கிக்க" என்றார்.

மறுநாள் காலையில் குளித்து ஈரத்தலையோடு, பட்டறையிலிருந்து பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பாவும் தேங்காய் நாரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். புடவையை இழுத்துச் செருகியிருந்தேன். கீழே என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார்.

"ஊரே வேடிக்க பாக்குது. உனுக்கும் அவ பைத்தியம் புடிச்சிக்கிச்சா?"

"ஏணிய ஆட்டாம புடிங்க."

விளிம்பின் மேல்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னாள் ஜெயப்பிரியா. ஆள் தொங்கும்போது குழாயின் மேல்பக்கம்தான் இழுபடுமாம். மஞ்சள் கரைந்தது, அதற்குக் கீழே இன்னொரு மஞ்சள், அப்புறம் ஒரு சிவப்பு. கை எரிந்தது. அம்மா தாயே, ஒன்றும் இருக்கக்கூடாது என்று ஒரு மனசு வேண்டியது. இருந்தால் இப்போதே காட்டிவிடு என்று இன்னொரு மனசு. கடைசிப் பெயின்ட் போனதும் இரும்பு தெரிந்தது. வெல்டின் ஓரமாகவே, தலைமுடி விழுந்து கிடப்பதுபோல் ஒரு கறுப்புக் கோடு. முடி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. துணியால் தேய்த்தேன். போகவில்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டே தேய்த்துப் போனால் அது மேலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி, குழாயில் பாதிக்குமேல் சுற்றி வந்திருந்தது.

"நீங்களே வந்து பாருங்க" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அவர் ஏறினார். சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து அந்தக் கோட்டில் செருகினார். டிக்கெட் உள்ளே போனது. தன் கையால் வைத்த வெல்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். கீழே இறங்கினார். நேரே ஜெயப்பிரியாவிடம் போனார்.

"அந்தக் கூர் மூலைன்னியே, அத்த எப்டிம்மா வெக்கணும்?"

"தடியா உறை மாட்டுனா அது முடியற எடத்துல எல்லா இழுப்பும் வந்து கூடிடுது மாமா. நுனியைச் சீவி, படிப்படியா மெலிசாக்கணும். வரைஞ்சு தரேன்."

"குடு. அடுத்த வருஷத்துக்கு அப்டியே செய்யறேன். செஞ்சிட்டு, எவ்ளோ எறங்கும்னு நீ மொதல்ல சொல்லு. அப்பறம்தான் மூட்டை."

மூக்கின் மேல் கோபம் வைத்திருக்கிற மனிதர், தன் தம்பி பெண்டாட்டியிடம் கைகட்டி நின்று கேட்டார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளை அதைவிடப் பிடித்திருந்தது.

இந்த வருஷம் செடல் மரம் சுற்றவில்லை. முத்துசாமி பெரியப்பா வந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, வேண்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சுற்றுவதற்குப் பதிலாக வண்டி இழுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் முதுகில் முள் குத்தி, கயிறு கட்டி, அம்மன் படம் வைத்த மினி லாரியை இழுத்துக்கொண்டு மாடவீதியில் போனார். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாகத் தெருவே குளிர்ந்து கிடந்தது. நானும் ஜெயப்பிரியாவும் பின்னால் நடந்தோம்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? நீங்க மேல தேய்ச்சிகினு இருந்தப்ப எனக்கு உசுரே இல்ல. அங்க ஒண்ணுமே இல்லாம போயிருந்தா? கணக்குல நானே எங்கயாவது தப்பு பண்ணியிருந்தா? ஊரே சிரிச்சிருக்கும். உங்க வேண்டுதலையும் கெடுத்தவளா ஆயிருப்பேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் அவர் குனிந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு அடி எடுத்து வைத்தார்.

"ஒண்ணுமே இல்லாம போயிருந்தாலும், உனுக்கு அந்த ஒரு இஞ்சு வெளங்கற வரைக்கும் அவரு தரையிலதான்டி நடந்திருப்பாரு."