இரண்டு இலை முளை

நாகலாபுரம் ஏரியில் தண்ணீர் வற்றி இறங்கிய சேற்றில் ஐந்து பெண்கள் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. கணுக்கால் வரை சேறு, இடுப்பு ஒடிகிற வலி, தலையில் கட்டிய டார்ச்சைச் சுற்றிப் பூச்சிகள். முன்பெல்லாம் விடிந்தபிறகு வந்து, பிடி பிடியாய் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிக் கட்டுவார்கள். வேர்மண் புல் நறுக்கும் மிஷினின் கத்தியை மழுக்குகிறதாம், பால் வண்டியும் சீக்கிரம் வருகிறதாம். அதனால் நாகபூஷணத்தின் மாட்டுப்பண்ணைக்கு இப்போது இருட்டிலேயே அரிவாள் போட்டாக வேண்டும். முதலாளி சொன்னால் சூரியனும் முன்னாலேயே எழுந்துவிடுமா என்ன!

பொழுது புலர்கிற நேரத்தில் கரையில் ஜீப் வந்து நின்றது. நாகபூஷணமும் மாட்டு டாக்டரும் இறங்கினார்கள்.

"மூணு மாடு செத்துப்போச்சு," என்றார் நாகபூஷணம். "நேத்து புல்லுல விஷச்செடி அறுத்துப் போட்டது யாரு? நிஜம் செப்பண்டி, உண்மையச் சொல்லுங்க!"

டாக்டர், தீவனத்தொட்டியில் கிடைத்த முளை ஒன்றைக் காட்டினார். "மருளூமத்தை. முளையிலதாம்மா விஷம் ஜாஸ்தி."

புல் அறுத்தவர்களில் ஒருத்தியான செங்கம்மா அந்த முளையை உற்றுப் பார்த்தாள். மருளூமத்தை தெரியாதவளா அவள்? சொரசொரப்பான அகன்ற இலை, ஓரமெல்லாம் பல். தண்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். காயில் கொக்கி முள். புடவையில் ஒட்டினால் பிய்த்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆனால் இந்த முளையில் அதெல்லாம் எங்கே? வழவழவென்று நீண்ட இரண்டே இலை. ஏதோ பயறு முளை என்றுதான் தோன்றும். வேரோடு பிடுங்கினால் மட்டும் அடியில் பழைய முட்காய் ஒட்டிக்கொண்டு வரும். இருட்டில் அரிவாள் இழுத்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

"எவ அறுத்த எடத்துல இருக்குதோ, அவமேல கேசு," என்றார் நாகபூஷணம்.

நேற்று அறுத்த இடம் பக்கத்தில்தான். ஆளுக்கொரு பங்கு. செங்கம்மா தன் பங்கில் மண்டியிட்டு, அறுபட்ட தண்டு ஒன்றைப் பிடுங்கினாள். முட்காயோடு வந்தது. காலால் சேற்றில் அமுக்கிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

"என் பங்குல கீது சார்."

"ஏறு ஜீப்புல!"

"இரு சார்." கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்த நளினி, தன் பங்கில் குனிந்தாள். சேறு சொட்ட ஒரு முட்காயைத் தூக்கிக் காட்டினாள். "என் பங்குலயும் கீது."

அடுத்து வேதா. பிறகு மற்ற இரண்டு பேரும். யாரும் அவர்களைத் தோண்டச் சொல்லவில்லை.

"அப்போ அஞ்சு பேர்மேலயும் கேசு!"

"போடு சார்," என்றாள் செங்கம்மா. "வேரோட புடுங்கிக்கினு இருந்தவங்கள வேணாம்னது யாரு? இருட்டுல எறங்கச் சொன்னது யாரு? அதையும் சேத்து எழுதச் சொல்லு."

"நாளைக்கு வேற ஆளு வரும். நீங்க வீட்ல குந்திக்கினு இருங்க."

"அவங்ககிட்டயும் சொல்லுவோம். விடிஞ்சப்புறம் எறங்கு, வேரப் பாத்துப் புடுங்குன்னு."

டாக்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார். புகார் எழுதிக் கொடுக்க ஜீப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போயிற்று.

செங்கம்மா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். "வாயில்லா ஜீவன்டி. என் கொரல் கேட்டாத்தான் எழுந்து நிக்கும். என் கையாலயே போச்சே."

மற்றவர்கள் அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

"எழுந்திரு அக்கா," என்றாள் நளினி. "அவரு சொல்றத மட்டும் கேட்டு எழுதிக்குவாங்க. நாமளும் போய் நடந்தத சொல்லுவோம்."

"நம்ம பேச்ச யாருடி கேப்பாங்க?"

"கேக்கலன்னா வாசல்லயே குந்திக்கினு இருப்போம். அஞ்சு பேரையும் எத்தினி நேரம் தொரத்துவாங்க?"

அறுத்த புல் கட்டாமல் கிடந்தது. பண்ணையில் பசித்த மாடுகள் கத்துவது ஏரி வரைக்கும் கேட்டது. அதைக் கேட்டு நிற்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. ஐந்து பேரும் கரையேறினார்கள். ஒருத்திக்கும் பயம் போகவில்லை. செங்கம்மாவின் கால்தான் தயங்கித் தயங்கி வந்தது. மற்ற நாலு பேரும் அவள் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள்.